நோயெதிர்ப்புத் தூண்டல் சுண்டெலியின் சமாளிப்பு நடத்தையை மாற்றுகிறதா? ஒரு சோதனையைத் திட்டமிடும் முறை

பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து எடுக்கப்படும் எண்டோடாக்சின் என்ற நச்சை ஊசியாகப் போட்டு 24 மணி நேரம் கழித்து ஒரு சுண்டெலியை நீர் நிறைந்த கண்ணாடி உருளையில் விட்டால், முதலில் அது சுவரைப் பிராண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும், வெளியேற வழி தேடும். பிறகு மெல்ல நீச்சலைக் குறைத்துக்கொண்டு, மூக்கும் முதுகின் ஒரு பகுதியும் மட்டும் நீருக்கு மேலே தெரிய, சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்னங்கால் ஒன்றை எப்போதாவது உதைத்தபடி மிதக்கத் தொடங்கும். வெறும் உப்புக்கரைசல் பெற்ற சுண்டெலியும் இதையேதான் செய்கிறது. ஆனால் அது மிதக்கும் நேரம் பொதுவாகக் குறைவு. இந்த வேறுபாட்டை நொடிக்கணக்கில் அளந்துவிடலாம். அதற்கு என்ன பொருள் கொள்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விலங்கு நெருக்கடியை எதிர்கொள்ளும் வழியை மாற்றிக்கொண்டிருக்கிறதா, நோயுற்ற உடலால் நீந்த முடியாமல் போயிற்றா, அல்லது உடல் குளிர்ந்து தசைகள் மந்தமாகிவிட்டனவா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒற்றை எண் ஒரே விடையைத்தான் தரும்.

இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்கும்படி சோதனையை அமைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். சுண்டெலிகளைக் கையாளும் அடிப்படைப் பயிற்சியும், நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு ஒப்புதலும் உள்ள ஆய்வு மாணவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

சொற்களை முதலில் தீர்மானியுங்கள்

சோதனையைத் தொடங்குமுன் மூன்று சொற்களின் எல்லையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நல்லது. முதலாவது நோய்நிலை நடத்தை. தொற்று வந்த விலங்கு உண்ணாமல், உலவாமல், தன் மேனியைச் சுத்தம் செய்துகொள்ளாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பது வெறும் தளர்ச்சி அன்று, தொற்றை எதிர்க்க ஆற்றலைத் திருப்பிவிடும் ஒழுங்கான உத்தி என்று 1988இல் பெஞ்சமின் ஹார்ட் வாதிட்டார். அதன்பின் இத்துறை அந்தப் பார்வையிலேயே வளர்ந்தது. இரண்டாவது சமாளிப்பு நடத்தை. யாப் கூல்ஹாஸும் அவருடைய குழுவினரும் 1999இல் தொகுத்துக் காட்டியபடி, நெருக்கடிக்கு ஆளான விலங்குகளில் சில முனைந்து எதிர்கொள்கின்றன. சில ஒடுங்கி, சூழலைக் கவனித்து, ஆற்றலைச் சேமிக்கின்றன. இரண்டுமே சூழலைப் பொறுத்துப் பயன் தருபவை. மூன்றாவது 'மனச்சோர்வு போன்ற நடத்தை'. மேலே சொன்ன நீர் உருளைச் சோதனையை, அதாவது கட்டாய நீச்சல் சோதனையை, 1977இல் அறிமுகப்படுத்திய போர்சோல்ட், மிதத்தலை நம்பிக்கையிழப்பாகப் படித்தார். பின்னாளில் டி குளோட், மோலெண்டைக் போன்றோர் அதை மறுத்து, தப்ப வழியில்லாத நீரில் வீணாக நீந்தாமல் மிதக்கக் கற்றுக்கொள்வது தகவமைப்பே என்று எழுதினர்.

என் நிலைப்பாடு பின்னவர்களின் பக்கம்தான். மதிப்பெண் தாளில் 'அசைவின்மை' என்று மட்டும் எழுதுங்கள்; 'விரக்தி' என்று எழுதிவிட்டால், பிறகு வரும் எல்லாக் கட்டுப்பாட்டுச் சோதனைகளையும் அந்தச் சொல்லின் கண்ணாலேயே பார்க்க நேரும்.

எந்தத் தூண்டியைத் தேர்வது

பெரும்பாலான ஆய்வகங்கள் லிப்போபாலிசாக்கரைடு என்னும் எல்.பி.எஸ்.ஸைப் பயன்படுத்துகின்றன. இது கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வுக் கூறு; தொடக்கத்தில் சொன்ன எண்டோடாக்சின் இதுவே. உயிருள்ள கிருமி இல்லாமலேயே, கிருமி நுழைந்துவிட்டதாக உடலை நம்ப வைக்கிறது. இதை உணரும் ஏற்பி (செல்லின் மேல் உள்ள உணர் புரதம்) டி.எல்.ஆர்.4 என்பதை 1998இல் புரூஸ் பாய்ட்லரின் ஆய்வகம், எல்.பி.எஸ்.ஸுக்கு எதிர்வினை காட்டாத சி3எச்/ஹெச்இஜே என்ற சுண்டெலி வகையைக் கொண்டே கண்டுபிடித்தது. 2011இல் அவர் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசுக்கு அடித்தளமாக அமைந்தது அந்த வேலை. இந்த வரலாற்றுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. உங்கள் விளைவு உண்மையிலேயே எல்.பி.எஸ்.ஸால்தான் வந்ததா, கரைசலில் கலந்திருந்த வேறு ஏதோவொன்றால் வந்ததா என்ற ஐயம் எழுந்தால், அந்த ஏற்பி செயலிழந்த சுண்டெலிகளில் அதே ஊசியைப் போட்டுப் பார்ப்பதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

வைரஸ் தொற்றைப் போலச் செய்ய வேண்டுமானால் பாலி ஐ:சி என்ற செயற்கை இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டு, அது டி.எல்.ஆர்.3 என்ற ஏற்பி வழியாக, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதங்களைத் தூண்டுகிறது. அதன் மூலக்கூறு நீளம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறுவதால், ஒரு சோதனை முழுவதற்கும் ஒரே தொகுப்பை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் தூண்டல் தேவையென்றால், காசநோய்த் தடுப்பூசியில் உள்ள பி.சி.ஜி. பாக்டீரியா உதவும். பி.சி.ஜி. பெற்ற சுண்டெலிகளில் முதலில் வரும் நோய்நிலை சில நாட்களில் அடங்கி, எடையும் உலாவலும் மீண்ட பின்பும் அசைவின்மை மட்டும் வாரக்கணக்கில் உயர்ந்தே இருக்கிறது. உடல்நலக் குறைவையும் நடத்தையையும் பிரிப்பதற்கு இது மிக நல்ல மாதிரி. ஆனால் உயிருள்ள பாக்டீரியா என்பதால் உயிர்ப்பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றித் தொடக்கூடாது. முதல் சோதனை செய்பவருக்கு எல்.பி.எஸ்.தான் என் பரிந்துரை. இக்கட்டுரையின் மீதிப் பகுதி அதைச் சுற்றியே அமையும்.

கரைத்தலும் ஊசி போடுதலும்

எல்.பி.எஸ். ஒரு பொதுப்பெயர். ஈ. கோலையின் ஓ111:பி4, ஓ55:பி5, ஓ127:பி8 எனப் பல வகைகள் விற்பனையில் உள்ளன. ஒரே வகையிலும் தொகுப்பு எண் மாறினால் வீரியம் மாறும். ஆகவே மில்லிகிராம் கணக்கில் வெளியான ஓர் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்களிடம் உள்ள தொகுப்பைக் கொண்டு சில விலங்குகளில் முன்னோட்டம் பார்த்து, 24 மணி நேரத்தில் எடை தெளிவாகக் குறைந்து, விலங்கு நடமாட்டத்தை மீட்டுக்கொண்டிருக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். ராபர்ட் டான்ட்சர், கீத் கெல்லி ஆகியோரின் குழுவினர் பயன்படுத்தியதால் பரவலான அளவு, கிலோவுக்கு 0.83 மில்லிகிராம், வயிற்றறைக்குள் ஊசியாக. தேடலைத் தொடங்க அது பொருத்தமான புள்ளி.

கணக்கு இப்படி வரும். ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிலிட்டர் என்ற விகிதத்தில் செலுத்தினால், 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மில்லிலிட்டர். கரைசலின் செறிவு மில்லிலிட்டருக்கு 83 மைக்ரோகிராம். அந்தச் சுண்டெலி பெறுவது ஏறத்தாழ 21 மைக்ரோகிராம். இதோடு இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். தன்னார்வலர்களிடம் ஆய்வுக்காக நரம்பு வழியே செலுத்தப்படும் எண்டோடாக்சின், கிலோவுக்குச் சில நானோகிராம்தான். இரண்டு நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 நானோகிராம். நம் கரைசலில் அது ஒன்றரை மைக்ரோலிட்டருக்குள் அடங்கிவிடும். ஊசி நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் துளிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சுண்டெலி தாங்கும் அளவு மனிதனுக்குத் தாங்காது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல் வேலை செய்யுங்கள்.

எல்.பி.எஸ். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரளக்கூடியவை, குழாயின் சுவரிலும் ஒட்டக்கூடியவை. என் முதல் சோதனையில் இதைப் பொருட்படுத்தாமல், காலையில் ஒருமுறை கலக்கிய கரைசலை மேசையில் வைத்துவிட்டு, இருபது விலங்குகளுக்கும் வரிசையாக ஊசி போட்டேன். மறுநாள் எடையைப் பார்த்தால், முதலில் ஊசி பெற்றவை கிட்டத்தட்ட எதுவும் இழக்காமலும், கடைசியில் பெற்றவை மிகவும் வாடியும் இருந்தன. ஊசி போட்ட வரிசை எண்ணையும் எடை இழப்பையும் ஒரே வரைபடத்தில் போட்டபோதுதான் காரணம் விளங்கியது. அன்றிலிருந்து, சிறு பங்குகளாகப் பிரித்து உறைநிலையில் வைப்பது, ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்காமலிருப்பது, ஒவ்வொரு முறை உறிஞ்சுவதற்கு முன்பும் வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் நன்கு கலக்குவது என்ற மூன்றையும் தவறவிடுவதில்லை. கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் போகும் உப்புக்கரைசல் எண்டோடாக்சின் அற்றது என்று சான்றளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நுண்ணுயிர் நீக்கப்பட்டது என்ற சான்று போதாது, ஏனெனில் வழக்கமான ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) வெப்பம் பாக்டீரியாவைக் கொன்றாலும் எல்.பி.எஸ்.ஸை முற்றாக அழிப்பதில்லை.

ஒரே விலங்குக்கு எல்.பி.எஸ்.ஸை இருமுறை கொடுத்து ஒப்பிடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு உடல் சகிப்புத்தன்மை பெறுகிறது. இரண்டாவது ஊசிக்கு, அழற்சிச் செய்தியைச் சுமக்கும் சைட்டோகைன் புரதங்களின் எதிர்வினை பெரிதும் மங்கிவிடும்.

விலங்குகளும் அறையும்

சுண்டெலி வகைத் தேர்வைப் பலரும் கையிருப்பில் எது இருக்கிறதோ அதை வைத்தே செய்கிறார்கள். இங்கே அது ஆபத்து. நோயெதிர்ப்புத் தூண்டல் அசைவின்மையைக் கூட்டும் என்று எதிர்பார்க்கும்போது, உப்புக்கரைசல் பெற்ற விலங்குகளே மதிப்பிடும் 240 நொடியில் 200 நொடி மிதந்துகொண்டிருந்தால், கூடுவதற்கு இடமேது? முன்னோட்டத்தில் அடிப்படை அளவு நடுவில் அமையும் வகையையும் நீர்நிலைமைகளையும் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வயதும் அதே அளவு முக்கியம். முதிய சுண்டெலிகளின் மைக்ரோகிளியா (மூளையின் நோயெதிர்ப்பு) செல்கள் ஏற்கெனவே விழிப்பு நிலையில் இருப்பதால், அதே எல்.பி.எஸ். அளவு அவற்றின் மூளையில் கடுமையான, நீண்ட அழற்சியை உண்டாக்குகிறது. அசைவின்மையும் இளம் விலங்குகளில் மறைந்த பிறகும் அவற்றில் நீடிப்பதை காட்பவுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் காட்டினர். எனவே வயது வரம்பைக் குறுக்கி வையுங்கள். ஆண், பெண் இரண்டையும் சேருங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே உருளையில் சோதிக்க வேண்டாம்.

அறையின் வெப்பநிலை பற்றி எழுதாத ஆய்வுக்கட்டுரைகளை நான் நம்பிக்கையோடு படிப்பதில்லை. நமக்கு இதமாகத் தெரியும் 22 டிகிரி செல்சியஸ் சுண்டெலிக்குக் குளிர். கூடுதல் ஆற்றல் செலவின்றி அது உடல்வெப்பத்தைக் காக்கும் நிலை ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கிறது. அந்த இதமான வெப்பத்தில் எல்.பி.எஸ். பெற்ற சுண்டெலிக்குக் காய்ச்சல் வரும். வழக்கமான விலங்கறைக் குளிரில், அளவு கூடுதலாக இருந்தால், அதற்கு நேர்மாறாக உடல்வெப்பம் இறங்கும். இப்படிக் குளிர்ந்த விலங்கை 24 டிகிரி நீரில் போட்டுவிட்டு, அது நீந்தவில்லை என்று பதிவு செய்வதில் பொருளில்லை. கூட்டுக்குள் போதிய கூடுகட்டும் பொருள் கொடுங்கள். நீச்சலுக்குச் சற்று முன் ஒவ்வொரு விலங்கின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசனவாய் வெப்பமானி விலங்கைக் கலவரப்படுத்தும் என்பதால், முன்கூட்டியே தோலடியில் பொருத்திய, வெப்பம் அளக்கும் சில்லு இருந்தால் அதுவே சிறந்தது.

விலங்கைத் தூக்கும் முறையும் விளைவைத் தொடும். வாலைப் பிடித்துத் தூக்குவதைவிடக் குழாய்க்குள் ஏறவிட்டோ, குவித்த உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் பதற்றம் குறைகிறது என்பதை 2010இல் ஹர்ஸ்ட், வெஸ்ட் இருவரும் காட்டினர். சோதனை செய்பவர் ஆணா பெண்ணா என்பதுகூடக் கொறித்துண்ணிகளின் அழுத்த எதிர்வினையை மாற்றும் என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே ஊசி போடுபவரையும் நீச்சலுக்கு எடுத்துச் செல்பவரையும் நடுவழியில் மாற்றாதீர்கள். ஊசிக்கு முந்தைய வாரம் தினமும் சில நிமிடம் கையாண்டு பழக்குவது, பின்னால் வரும் தரவின் சிதறலைக் குறைக்கும் மலிவான வழி.

நேர அட்டவணை

சோதனையின் வெற்றி பெரிதும் இங்கேதான் நிர்ணயமாகிறது. எல்.பி.எஸ். செலுத்திய ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற சைட்டோகைன் உச்சத்தைத் தொடும், ஐ.எல்.-6 என்ற இன்னொன்று அதைத் தொடர்ந்து ஏறும். அதே நேரத்தில் அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோனும் எகிறும். அதாவது நீங்கள் 'அழுத்தம்' எதையும் கொடுக்குமுன்பே, எல்.பி.எஸ். தானே ஓர் அழுத்தமாகச் செயல்படுகிறது. செய்தி மூளைக்குப் போகும் பாதைகள் பல. உள்ளுறுப்புகளை மூளைத்தண்டோடு இணைக்கும் வேகஸ் நரம்பு ஒன்று. ரத்த–மூளைத் தடுப்பு தளர்வாக உள்ள பகுதிகள் இன்னொன்று. மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் உருவாகும் புரோஸ்டாகிளான்டின்கள் என்ற அழற்சி வேதிப்பொருட்கள் வேறொன்று. எல்.பி.எஸ்.ஸால் கிளர்ந்தெழும் மூளைத்தண்டு நியூரான்களின் ஒரு தொகுதியைச் செயற்கையாகத் தூண்டினாலே, எல்.பி.எஸ். இல்லாமலேயே விலங்கு உணவைக் குறைத்து ஒடுங்கிவிடுகிறது என்று 2022இல் தெரியவந்தது.

இந்த முதல் ஆறு மணி நேரத்தில் எந்த நீச்சல் சோதனையும் செய்யாதீர்கள். எல்லா விலங்கும் அசையாமல்தான் இருக்கும், அது சமாளிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. மிதமான அளவில், 24 மணி நேரத்தை ஒட்டி உலாவல் மீளத் தொடங்கும். ஆனால் எடை அப்போதும் குறைந்தே இருக்கும். 2009இல் ஓ'கானரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியையே பயன்படுத்திக்கொண்டது. எல்.பி.எஸ். ஐ.டி.ஓ. என்ற நொதியைத் தூண்டுகிறது. அது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் கைனூரெனின் என்ற பொருளாக மாற்றுகிறது. அந்த நொதியை 1-மெத்தில் டிரிப்டோஃபேன் கொண்டு தடுத்தபோது, 24 மணி நேரத்தில் அசைவின்மை கூடவில்லை. எல்.பி.எஸ். பெறாத ஆரோக்கியமான சுண்டெலிகளுக்குக் கைனூரெனினை நேரடியாகக் கொடுத்தபோதோ, அசைவின்மை கூடியது. நோயுறாத விலங்கிலும் அசைவின்மையைக் கூட்ட முடிந்ததால்தான் அந்த ஆய்வு இன்றும் நிற்கிறது என்பது என் கருத்து.

எனவே உங்கள் அட்டவணையில் குறைந்தது இரண்டு நேரப்புள்ளிகள், அதாவது 24 மணி, 48 மணி இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலங்குகளைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் ஒருமுறை நீந்திய சுண்டெலிக்கு அடுத்த முறை அந்த உருளை புதிதன்று. கடிகார நேரமும் மாறக்கூடாது. எண்டோடாக்சினால் சுண்டெலி இறப்பது ஊசி போட்ட வேளையைப் பொறுத்துப் பெரிதும் மாறும் என்பதை 1960லேயே ஹால்பெர்க் காட்டிவிட்டார். எல்.பி.எஸ். குழுவைக் காலையிலும் உப்புக்கரைசல் குழுவை மாலையிலும் சோதித்துவிட்டு, பிறகு புள்ளியியலால் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.

நீச்சலும் தொங்கலும்

சுண்டெலிக்கான நீச்சல் சோதனைக்கு, சுமார் 20 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒளிபுகும் உருளையில், வாலோ காலோ தரையைத் தொடாதபடி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்புங்கள். வெப்பநிலை 24 முதல் 25 டிகிரி. முதல் விலங்குக்கு இருந்த அதே வெப்பநிலை இருபதாவதுக்கும் இருக்க வேண்டும். ஒவ்வொரு விலங்குக்கும் புது நீர். நேரம் 6 நிமிடம். வழக்கமாகக் கடைசி 4 நிமிடம் மட்டும் மதிப்பிடப்படும். காணொளியை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பதிவு செய்தால், மிதப்பதையும் மெதுவாக நீந்துவதையும் பிரிப்பது எளிதாகும். மதிப்பிடுபவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. ரோமம் சிலிர்த்த எல்.பி.எஸ். விலங்கைப் பார்த்த உடனே அனுபவசாலி கண்டுபிடித்துவிடுவார் என்பது உண்மைதான். அதனால், விலங்குகளை ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருவர் காணொளியிலிருந்து மதிப்பிடுவதே சரி.

வாலில் தொங்கவிடும் சோதனையை 1985இல் ஸ்டெரு குழுவினர் அறிமுகப்படுத்தினர். இதில் வாலை நாடாவால் ஒட்டி விலங்கைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். இதற்கும் 6 நிமிடம். நீர் இல்லாததால் உடல்வெப்பச் சிக்கல் குறைகிறது. நம் கேள்விக்கு அது பெரிய நன்மை. ஆனால் சி57 பிளாக்/6 வகைச் சுண்டெலிகள் தம் வாலைப் பற்றிக்கொண்டே மேலே ஏறி, நாடாவின் மீது உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்திருக்கும் விலங்கைத் தானியங்கிக் கருவி 'அசைவின்மை' என்று பதிவு செய்யும். வாலைச் சுற்றி இலேசான பிளாஸ்டிக் குழாயை மாட்டினால் ஏறுவது நின்றுவிடும். இரண்டு சோதனைகளும் ஒரே திசையில் விளைவு காட்டினால் மட்டுமே நான் அதைப் பற்றி எழுதத் துணிவேன்.

முடியாமையையும் செய்யாமையையும் பிரித்தல்

முதல் தடுப்பு, தனி உலாவல் சோதனை. நீச்சலுக்குச் சற்று முன்னதாக, புதிய கூட்டிலோ திறந்த களத்திலோ 5 முதல் 10 நிமிடம் விட்டு, கடந்த தொலைவை அளக்க வேண்டும். எல்.பி.எஸ். விலங்கின் தொலைவு கட்டுப்பாட்டுக் குழுவின் அளவுக்கு மீளவில்லையென்றால், அந்த நேரப்புள்ளியில் அசைவின்மையை வைத்து எந்த முடிவும் சொல்ல இயலாது.

இரண்டாவது, பட்டினியின் பங்கு. எல்.பி.எஸ். விலங்கு ஓரிரவு முழுவதும் சரியாக உண்ணாது. உணவுக் குறைவே நடத்தையை மாற்றக்கூடும் என்பதால், உப்புக்கரைசல் பெற்ற இன்னொரு குழுவுக்கு, எல்.பி.எஸ். விலங்குகள் உண்ட அதே அளவு உணவை மட்டும் கொடுங்கள். இந்தக் குழுவைச் சேர்க்காமல் விட்டுவிடுவது பரவலான வழக்கம், அது வருந்தத்தக்கது.

மூன்றாவதாக, எல்லோரும் தூக்கி எறியும் முதல் இரண்டு நிமிடங்களைத் தூக்கி எறியாதீர்கள். அந்த நிமிடங்களில் ஏறக்குறைய எல்லா விலங்கும் தீவிரமாக நீந்துவதால் குழுக்களுக்கிடையே வேறுபாடு தெரியாது என்பதே அவற்றை விலக்கக் காரணம். நமக்கு வேண்டியதும் அதுதான். எல்.பி.எஸ். சுண்டெலி முதல் இரண்டு நிமிடம் மற்றவற்றைப் போலவே நீந்திவிட்டு, மூன்றாம் நிமிடத்திலிருந்து விலகிச் சென்றால், அதன் உடலில் நீந்தும் திறன் இருந்திருக்கிறது. நீரில் விழுந்த கணத்திலிருந்தே தளர்ந்திருந்தால், அது நோய்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. பலவீனமான விலங்கு சமமாகத் தொடங்கி, விரைவில் களைத்துப்போகலாமே? அதைச் சரிபார்க்க நான் ஒன்று செய்வதுண்டு. ஆறாவது நிமிட முடிவில் கையால் எடுக்காமல், ஒரு கம்பிவலை ஏணியை நீருக்குள் இறக்கி, விலங்கு அதைப் பற்றி ஏற எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்வேன். அதுவரை அசையாமல் மிதந்த சுண்டெலி, வலையின் நிழல் நீரில் விழுந்ததும் உடலைத் திருப்பி, மூன்று நான்கு உதைப்பில் அதை அடைந்து ஏறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். களைத்துப்போன விலங்கால் அது முடியாது. இது அங்கீகரிக்கப்பட்ட அளவீடு அன்று. ஆயினும், அந்த மிதத்தல் கைவிடலா காத்திருத்தலா என்று வாதிடுவோருக்கு அந்தக் காணொளித் துண்டை நான் முதலில் காட்டுவேன்.

நீரும் தொங்கலும் இல்லாத ஒரு சோதனையையும் சேர்க்க முடிந்தால் நல்லது. மின்னதிர்ச்சி தந்த கம்பியைப் படுக்கைத்தூளால் மூடிப் புதைக்கும் தற்காப்புச் சோதனையில், முனைந்து செயல்படும் விலங்கு புதைக்கும், ஒடுங்கும் விலங்கு தொலைவில் அசையாமல் நிற்கும். இரண்டு வழிகளும் விலங்குக்குத் திறந்திருப்பதால், எதைத் தேர்ந்தது என்று பேச அங்கே இடமுண்டு.

அழுத்தத்தையும் ஒரு காரணியாகச் சேர்க்கும்போது

தூண்டல் உள்ளது, இல்லாதது; முன்-அழுத்தம் (நீச்சலுக்கு முன்பே தரும் அழுத்தம்) உள்ளது, இல்லாதது என்று நான்கு குழுக்களாகப் பிரிக்கும் அமைப்பு கவர்ச்சியானது. ஆனால் அங்கே உங்கள் கேள்வி 'வேறுபாடுகளின் வேறுபாடு' ஆகிவிடுகிறது; அதாவது, தூண்டலின் விளைவு அழுத்தம் இருக்கும்போதும் இல்லாதபோதும் வேறுபடுகிறதா என்பது. இதுவே இடைவினை. நான்கு குழுக்களிலும் சம எண்ணிக்கை இருந்தால், அதன் திட்டப்பிழை முதன்மை விளைவின் திட்டப்பிழையைப் போல இரு மடங்கு. அதே பருமனுள்ள விளைவை அதே துல்லியத்தோடு காண நான்கு மடங்கு விலங்குகள் வேண்டும். குழுவுக்கு எட்டு என்று வழக்கமாகப் போட்டுவிட்டு, இடைவினை இல்லை என்று அறிவிப்பது பிழை. விலங்கின் எண்ணிக்கையை அந்த அளவுக்குக் கூட்ட இயலாதென்றால், முன்-அழுத்தத்தை எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக வைத்துத் தூண்டலை மட்டும் மாற்றுங்கள்.

ஒரே கூட்டில் இருக்கும் விலங்குகளைச் சுதந்திரமான தரவுகளாக எண்ணக்கூடாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்க. நோயுற்ற ஒரு விலங்கின் மணமும் நடத்தையும் அக்கூட்டின் மற்றவற்றைத் தொடும். கூட்டுக்குள்ளேயே குழுக்களைக் கலந்தாலும், கூட்டுக்கொரு குழு வைத்தாலும் ஏதோவொரு விலை உண்டு. எதைச் செய்தாலும் கூட்டைப் பகுப்பாய்வில் ஒரு காரணியாக வையுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்

எடை இழப்பு 20 சதவீதத்தைத் தொட்டால், அல்லது தட்டினாலும் அசையாமல் விலங்கு குளிர்ந்து கிடந்தால், அது சோதனையிலிருந்து விலக்கப்பட்டு வலியின்றி முடிவுக்குக் கொண்டுவரப்பட வேண்டும். இந்த எல்லைகள் நெறிக்குழுவுக்கு அளிக்கும் விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊசிக்குப் பின் முதல் 8 மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறை பார்வையிடுங்கள். ஈரமான உணவைக் கூட்டின் தரையில் வையுங்கள். நீரில் ஒரு விலங்கு மூழ்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள், அத்தரவைக் கைவிடுங்கள். நீச்சலுக்குப் பின் துணியால் துடைத்து, மிதமான வெப்பம் தரும் கூட்டில் உலர்ந்த பிறகே தோழர்களிடம் திரும்ப அனுப்ப வேண்டும், எல்.பி.எஸ். பெற்றவற்றுக்கு இது இருமடங்கு அவசியம்.

எழுதும்போது

2020இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் அரைவ் (ARRIVE) வழிகாட்டுதல்களைக் கட்டுரை எழுதும் நாளில் தேடாமல், திட்டமிடும் நாளிலேயே மேசையில் வையுங்கள். எல்.பி.எஸ்.ஸின் வகை, தொகுப்பு எண், கரைசல் தயாரித்த முறை, அறை வெப்பம், நீர் வெப்பம், ஊசி போட்ட கடிகார நேரம், விலக்கிய விலங்குகளின் எண்ணிக்கை, விலக்கிய காரணம் ஆகிய அனைத்தும் முறைகள் பகுதியில் வர வேண்டும். அசைவின்மையை ஒரே கூட்டுத்தொகையாகத் தராமல், ஆறு நிமிடங்களுக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு விலங்கின் புள்ளியும் தெரியும் வரைபடமாகத் தாருங்கள்; அதன் பக்கத்திலேயே உலாவல் தொலைவையும் உடல்வெப்பத்தையும் வையுங்கள்.

முடிவை எழுதும் வாக்கியம் இந்த மாதிரி அமையலாம்: 'எல்.பி.எஸ். பெற்ற சுண்டெலிகள், உலாவலும் உடல்வெப்பமும் கட்டுப்பாட்டுக் குழுவின் அளவுக்கு மீண்டிருந்த 24ஆம் மணியில், நீச்சலின் முதல் இரண்டு நிமிடங்களில் மற்றவற்றிலிருந்து வேறுபடவில்லை; மூன்றாம் நிமிடம் முதல் கூடுதல் நேரம் அசையாமல் மிதந்தன; உணவு குறைக்கப்பட்ட குழுவில் இந்த மாற்றம் காணப்படவில்லை.' இந்த நான்கு கூறுகளில் ஒன்று உங்கள் தரவில் இல்லையென்றால், அந்தக் கூறை வாக்கியத்திலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியது எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு மட்டும் எழுதுங்கள்.